சி5 மட்டும் ஏன் தோற்றது: ஒரு சிபிசி 6128 ஃபார்மேட் சிக்கலின் முழுப் பதிவு

பின்னணி

ஆம்ஸ்ட்ராட் சிபிசி 6128 என்பது 1985இல் வந்த எட்டு பிட் கணினி. இசட்80 புராசஸர், 128 கேபி நினைவகம், விசைப்பலகைக்கு வலப்பக்கம் பெட்டிக்குள்ளேயே ஒரு 3 அங்குல டிஸ்க் டிரைவ். பெரும்பாலோர் கையில் பிடித்துப் பார்த்த 3.5 அங்குல டிஸ்க் வேறு, இது வேறு. அகலம் குறைவு, நீளம் அதிகம், உறை கெட்டியான பிளாஸ்டிக். கேசட் போலத் திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் எழுதலாம். இந்த வடிவம் உலகத்தில் வேரூன்றவே இல்லை. புது டிஸ்க் தயாரிப்பு நின்று பல காலம் ஆகிவிட்டது. இருப்பதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

இயந்திரத்தின் சொந்தக்காரரிடம் 14 டிஸ்குகள் இருந்தன. அவருடைய அப்பா எழுதிவைத்த கடிதங்கள், குறிப்புகள், சில கணக்குகள். டிஸ்குகளின் இரண்டு பக்கங்களையும் எண்ணினால் மொத்தம் 23 பக்கங்களில் எழுத்து இருந்தது. பரணில் கிடந்த கணினியை இறக்கி ஓடவிட்டபோது, டிஸ்க் உள்ளே இருக்கும்போதே "டிரைவ் ஏ: டிஸ்க் மிஸ்ஸிங்" என்று திரையில் வந்தது. 3 அங்குல டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய வியாதி. மோட்டாரிலிருந்து டிஸ்கைச் சுழற்றும் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் தளர்ந்துவிடும், அல்லது உருகிப் பிசினாகிவிடும். டிஸ்க் சரியாகச் சுழலாவிட்டால் டிரைவ் "தயார்" என்ற சிக்னலைத் தராது. கணினி அதை "டிஸ்க் இல்லை" என்று எடுத்துக்கொள்ளும்.

அவர் கைவேலை தெரிந்தவர். தானே பெல்ட்டை மாற்றினார். பழைய டிஸ்குகள் படிக்க ஆரம்பித்தன. நகல் எடுத்துவிடலாம் என்று, ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய 6 டிஸ்குகளை எடுத்து ஃபார்மேட் செய்தார், அதாவது பழையதை அழித்துப் புதிதாக எழுதத் தயார்செய்தார். அங்கேதான் கதை நின்றது.

அவர் சொன்ன அறிகுறிகள்

சிபி/எம் பிளஸ் என்ற இயங்குதளத்துடன் வரும் டிஸ்க்கிட்3 என்ற நிரலில் நகல், ஃபார்மேட், சரிபார்ப்பு என்று மூன்று வேலைகள் உண்டு. ஃபார்மேட் கொடுத்தால் டிராக் (டிஸ்கில் தரவு பதியும் வட்டப் பாதை) 0 முதல் 39 வரை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போகிறது. சரிபார்ப்பைக் கொடுத்தால் டிராக் 0இலேயே பிழை. பேசிக்கில் இருந்து அந்த டிஸ்கில் எதையாவது சேமித்தால் சில நேரம் சேமிக்கிறது, சில நேரம் "ரீட் ஃபெயில்" என்று சொல்லி, மறுபடி முயலட்டுமா, விட்டுவிடட்டுமா, நிறுத்தட்டுமா என்று கேட்கிறது.

டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து இணையத்தில் இன்னும் 5 டிஸ்குகள் வாங்கினார். அவற்றிலும் அதே கதை. 11 டிஸ்குகளும் ஒரே மாதிரி கெட்டிருக்குமா? டிஸ்கைத் தொட்டுப் படிக்கும், எழுதும் ஹெட் எழுதும் சக்தியை இழந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்து, வேறு டிரைவ் தேட ஆரம்பித்திருந்தார். அந்த நிலையில்தான் எங்களிடம் வந்தார். நாங்கள் என்றால் நானும் மின்னணு வேலையில் என்னைவிடப் பல மடங்கு தேர்ந்த ஒரு நண்பரும்.

போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார்: "பழைய டிஸ்க் ஒண்ணுல சின்ன ஃபைல் ஒண்ணு சேவ் பண்ணிப் பார்த்தேன், பண்ணிச்சு. திரும்பப் படிக்கவும் செய்யுது." இதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அசல் டிஸ்கில் எழுதிப் பார்த்தாரே என்ற பதற்றத்தில், அந்தத் தகவலின் பொருள் எனக்கு உறைக்கவே இல்லை. எழுதும் ஹெட் செத்திருந்தால் அந்த ஃபைல் எப்படிப் பதிவாகியிருக்கும் என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

முதல் முடிவு: அசல்களைத் தொடாமல் இருப்பது

14 டிஸ்குகளிலும் எழுதவிடாமல் தடுக்கும் தாழை இரண்டு பக்கமும் தள்ளிவைத்தோம். டிரைவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளடக்கத்தை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது நண்பரின் கறாரான நிபந்தனை. காரணம் எளியது. இப்போதைக்கு டிரைவ் படிக்கிறது. நாம் கை வைத்த பிறகும் படிக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

எங்கே எடுத்துவைப்பது? 3 அங்குல டிஸ்கில் வைக்க முடியாது, அதுதான் ஃபார்மேட் ஆகவில்லையே. சிபிசி 6128இன் பின்னால் இரண்டாவது டிரைவுக்கு ஓர் இணைப்பு உண்டு. அதில் சாதாரண பிசியிலிருந்து கழற்றிய 3.5 அங்குல டிரைவைப் பொருத்தலாம். சிபிசியின் டிஸ்க் இயங்குதளமான ஆம்ஸ்டாஸுக்கு அது 40 டிராக், ஒரு பக்கம் கொண்ட பி டிரைவாகத் தெரியும். டிரைவுக்கு 80 டிராக் போகத் தெரிந்தாலும் முதல் 40 மட்டும் பயன்படும். அதனால் ஒரு குறையும் இல்லை. இதில் இன்னொரு லாபமும் இருந்தது. பி டிரைவில் ஃபார்மேட் வெற்றியானால் டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப், நிரல், இணைப்புகள் எல்லாம் குற்றத்திலிருந்து விடுபடும்; சிக்கல் ஏ டிரைவுக்குள் என்று உறுதியாகும்.

பி டிரைவில் ஒரு மாலை போனது

பொருத்தினோம். டிஸ்க் போட்டோம். "டிரைவ் பி: டிஸ்க் மிஸ்ஸிங்."

ஒரு நிமிடம் நான் உண்மையிலேயே பயந்துவிட்டேன். இரண்டு டிரைவிலும் கோளாறு என்றால் கன்ட்ரோலர்தான் போயிற்றோ? நண்பர் அசரவில்லை. 34 முனை இணைப்பில் 34ஆம் முனையில் சிபிசி எதிர்பார்ப்பது "தயார்" சிக்னல். பிசி டிரைவோ அதே முனையில் "டிஸ்க் மாற்றப்பட்டது" என்ற சிக்னலைத் தருகிறது. இரண்டு இயந்திரமும் ஒரே கம்பியில் வேறு வேறு மொழி பேசுகின்றன. டிரைவ் பக்கம் 34ஆம் கம்பியை வெட்டி, கணினி பக்கம் அதைப் பக்கத்து முனையான 33இன் கிரவுண்டோடு இணைத்துவிட்டால் கணினிக்கு டிரைவ் எப்போதும் தயாராகவே தெரியும். இதன் பக்கவிளைவு, டிஸ்க் இல்லாவிட்டாலும் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதைச் சகித்துக்கொள்ளலாம்.

பிசியில் வரும் முறுக்கிய கேபிள் இங்கே வேண்டாம், நேர் கேபிள் போதும். பி டிரைவுக்கு மின்சாரம் தனி அடாப்டரிலிருந்து கொடுத்தோம். சிபிசியின் உள் டிரைவுக்குப் போகும் மின்கம்பியைக் கடன் வாங்கலாமே என்று நான் கேட்டேன். அந்தக் கம்பியில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் பிசி டிரைவ் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான இடத்தில் இருக்கும், அப்படியே சொருகினால் டிரைவ் புகைந்துவிடும் என்றார் நண்பர். எந்தக் கம்பியையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகாதே என்ற அவருடைய பழக்கம் அன்று ஒரு டிரைவைக் காப்பாற்றியது.

இதெல்லாம் முடிந்ததும் பி டிரைவில் ஃபார்மேட், சரிபார்ப்பு இரண்டும் முதல் முயற்சியிலேயே நிறைவேறின. ஹை டென்சிட்டி டிஸ்க் என்றால் மூலையில் உள்ள கூடுதல் துளையை டேப் ஒட்டி மூட வேண்டும். பிசி டிரைவ் அந்தத் துளையைப் பார்த்துத்தான் எந்த அடர்த்தியில் எழுதுவது என்று முடிவுசெய்கிறது. நாங்கள் டபுள் டென்சிட்டி டிஸ்குகளையே பயன்படுத்தியதால் அந்த வேலை வரவில்லை.

அப்புறம் சிபி/எம்மின் பிப் கட்டளையில் சரிபார்ப்புக்கான வி தெரிவைச் சேர்த்து ஒவ்வொரு பக்கமாக ஏவிலிருந்து பிக்கு நகலெடுத்தோம். 23 பக்கங்களில் 20 முழுமையாக வந்தன. மூன்று பக்கங்களில் சில ஃபைல்கள் படிக்க மறுத்தன. அவற்றை ஒதுக்கிவைத்தோம்.

ஹெட் சுத்தம் செய்தல்: பலன் இல்லை

இப்போது டிரைவைத் திறக்கலாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடைத்தோம். பழுப்பாக அழுக்கு வந்தது. ஆஹா, கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஃபார்மேட் செய்தோம். சரிபார்ப்பு அதே டிராக் 0இல் அதே பிழை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தையும் காட்டும் இன்டெக்ஸ் துளையைப் பார்க்கும் ஒளி உணரியைத் துடைத்தோம். மாற்றமில்லை. ஹெட் நகரும் தண்டில் பழைய கிரீஸை எடுத்துப் புதிது வைத்தோம். மாற்றமில்லை.

இங்கே நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றும் செய்ய வேண்டிய பராமரிப்புதான், ஆனால் எதையும் அளந்து பார்த்துச் செய்யவில்லை. பிழை எப்படிப்பட்டது என்று கேட்காமலே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எந்த செக்டர், எந்த மாதிரிப் பிழை

அடுத்த சந்திப்பில் நிதானமாக உட்கார்ந்தோம். ஃபார்மேட் செய்யும்போது கன்ட்ரோலர் தான் எழுதியதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, எழுதிக்கொண்டே போகும். எனவே ஃபார்மேட் "முடிந்தது" என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. படித்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். டிஸ்க்கிட்3 சொல்வதும் போதாது. எந்த செக்டர் (டிராக்கின் ஒரு துண்டு) தோற்கிறது, எப்படித் தோற்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆம்ஸ்டாஸில் செக்டரை நேரடியாகப் படிக்க, எழுத, டிராக்கை ஃபார்மேட் செய்ய உள் கட்டளைகள் உண்டு. எத்தனை முறை மறுமுயற்சி செய்வது என்பதையும் மாற்றலாம். மறுமுயற்சியை ஒன்றாகக் குறைத்து, 40 டிராக்கிலும் 9 செக்டரையும் ஒவ்வொன்றாகப் படிக்கும் ஒரு சிறு நிரலை எழுதினேன். மறுமுயற்சியைக் குறைத்ததற்குக் காரணம், பலமுறை முயன்று ஒருமுறை தப்பிப் பிழைத்த செக்டரும் "சரி" என்று கணக்கில் வந்துவிடக் கூடாது என்பதே.

சிபிசியின் டேட்டா ஃபார்மேட்டில் செக்டர்களின் எண்கள் சி1 முதல் சி9 வரை. முடிவு வந்தபோது இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 40 டிராக்கிலும் எட்டு செக்டர்கள் பழுதில்லை. தோற்றது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு டிராக்கிலும் சி5.

டிஸ்கின் பூச்சு கெட்டிருந்தால் இப்படி ஒழுங்காகக் கெடாது. ஹெட் பலவீனம் என்றாலும் எட்டு செக்டர்கள் தப்பிக்காது. ஒன்பதில் நட்டநடுவே இருக்கும் ஐந்தாவது மட்டும் ஏன்? ஏதோ மின்காந்த இடையூறு ஒவ்வொரு சுற்றிலும் பாதி வழியில் குறுக்கிடுகிறதோ என்று மானிட்டரைத் தள்ளிவைத்துக்கூடப் பார்த்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஒன்பது எண்ணையும் ஒரு தாளில் வட்டமாக எழுதிப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. செக்டர்கள் டிராக்கில் எண் வரிசைப்படி உட்காருவதில்லை. ஒன்றைப் படித்துக் கையாண்டு முடிப்பதற்குள் அடுத்தது கடந்துபோய்விடக் கூடாது என்பதற்காக இடைவிட்டு அடுக்குவார்கள். சிபிசியின் வரிசை சி1, சி6, சி2, சி7, சி3, சி8, சி4, சி9, சி5. ஆக, எண்ணில் நடுவில் நிற்கும் சி5 டிராக்கில் கடைசியாக நிற்கிறது.

கடைசி செக்டர் மட்டும் தோற்கிறது என்றால் இடம் போதவில்லை என்று பொருள். படித்த பைட்டுகளைத் திரையில் கொட்டிப் பார்த்தோம். ஃபார்மேட்டின்போது ஒவ்வொரு செக்டரும் ஈ5 என்ற மதிப்பால் நிரப்பப்படும். சி5இன் 512 பைட்டுகளில் 470க்கும் 495க்கும் இடையே ஓரிடம் வரை ஈ5 ஒழுங்காக இருந்தது, அதற்குப் பின் குப்பை. செக்டரின் அடையாளப் பகுதி சரியாகக் கிடைக்கிறது, தரவின் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் மட்டும் பொருந்தவில்லை என்று கன்ட்ரோலரின் நிலைக் குறியும் சொன்னது. தலை சரியாக இருக்கிறது, வால் அறுந்திருக்கிறது.

கணக்கு

இதை எண்ணில் போட்டுப் பார்ப்பது எளிது. டிஸ்க் நிமிடத்துக்கு 300 முறை சுழல வேண்டும். ஒரு சுற்றுக்கு 200 மில்லிவினாடி. தரவு வேகம் விநாடிக்கு 2,50,000 பிட். எனவே ஒரு சுற்றில் 50,000 பிட், அதாவது 6250 பைட் எழுத இடம் உண்டு.

765 வகைக் கன்ட்ரோலர் ஒரு டிராக்கை எழுதும்போது முதலில் 146 பைட் முன்பகுதி. பிறகு ஒவ்வொரு செக்டருக்கும் ஒத்திசைவு, அடையாளம், சிறு இடைவெளி, 512 பைட் தரவு, சிஆர்சி எல்லாம் சேர்த்து 574 பைட். அடுத்த செக்டருக்கு முன் 82 பைட் இடைவெளி. ஒன்பது செக்டரும், அவற்றுக்கு நடுவே எட்டு இடைவெளிகளும், முன்பகுதியும் சேர்ந்தால் 5968. ஒன்பதாவது செக்டர் முடிந்த பின்னும் 282 பைட் மிச்சம் இருக்க வேண்டும்.

கன்ட்ரோலர் இந்த எழுத்தை இன்டெக்ஸ் துளை வரும்போது தொடங்கி, அதே துளை இரண்டாவது முறை வரும்போது நிறுத்திவிடும். எழுதி முடித்தாயா என்று கேட்காது. டிஸ்க் வேகமாகச் சுழன்றால் துளை சீக்கிரம் வந்துவிடும், கடைசி செக்டரின் வால் வெட்டுப்படும். எவ்வளவு வேகத்தில்? ஒரு நிமிடத்தில் எழுதக்கூடிய 18,75,000 பைட்டை (6250 × 300) 5968ஆல் வகுத்தால் 314. நிமிடத்துக்கு 314 சுற்றைத் தாண்டினால் சி5 பிழைக்காது. வால் முப்பது பைட்டு அளவுக்கு அறுந்திருப்பதைப் பார்த்தால் வேகம் 315க்கு மேல் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம்.

சொந்தக்காரர் முதல் நாளே சொன்ன அந்தப் பழைய டிஸ்க் விஷயமும் இப்போது விளங்கியது. படிக்கும்போது கணினி டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் துடிப்புகளைப் பின்தொடர்கிறது. வேகம் ஐந்து சதவீதம் கூடினாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஏற்கெனவே ஃபார்மேட் ஆன டிஸ்கில் ஒரு செக்டரை மட்டும் மாற்றி எழுதினால், வேகமான டிரைவில் அது சுமார் 27 பைட் நீண்டு விழும். அதைத் தாங்கத்தான் 82 பைட் இடைவெளி இருக்கிறது. ஆனால் ஃபார்மேட் செய்யும்போது பின்தொடர டிஸ்கில் எதுவும் கிடையாது. டிரைவின் வேகமே அளவுகோல். அதனால் பழைய டிஸ்க் படிக்கிறது, அதில் எழுதவும் முடிகிறது, புது ஃபார்மேட் மட்டும் தோற்கிறது. மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள்.

அளந்து பார்த்தது

ஊகத்தை நம்பி எதையும் திருக வேண்டாம் என்று முதலில் கைபேசியில் ஒரு சோதனை. சுழலும் சக்கரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து, விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவேகப் பதிவில் பிடித்தோம். சரியான வேகத்தில் 20 சுற்றுக்கு 960 படங்கள் ஆக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 911. அதாவது நிமிடத்துக்கு 316 சுற்று. பிறகு நண்பர் ஆஸிலோஸ்கோப்பை இன்டெக்ஸ் சிக்னலில் வைத்தார். துடிப்புக்குத் துடிப்பு 189.6 முதல் 190.4 மில்லிவினாடி. ஆஸிலோஸ்கோப் இல்லாதவருக்குக் கைபேசியே போதும் என்பது எனக்கு இன்ப அதிர்ச்சி.

வேகம் ஏன் கூடியது

இந்த டிரைவின் சுற்றுப் பலகையில் மோட்டார் வேகத்தைத் திருத்தும் சிறு பிரிசெட் ஒன்று உண்டு. அதன் மேல் இருந்த பெயின்ட் முத்திரை உடைந்திருந்தது. சொந்தக்காரரிடம் கேட்டோம். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: முதன்முதலில் "டிஸ்க் மிஸ்ஸிங்" வந்தபோது, வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பிரிசெட்டைத் திருகினாராம். ஒரு வாரம் ஓடியிருக்கிறது. பிறகு பெல்ட் முழுதாகத் தளர்ந்ததும் பெல்ட்டை மாற்றினார். பிரிசெட்டைத் திருப்பிவைக்க மறந்துபோனார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் எத்தனையோ முறை செய்த காரியம்.

நடந்தது இதுதான். மோட்டார் தன் வேகத்தை மட்டுமே பார்த்துக்கொள்ளும். பெல்ட் வழுக்குவதால் டிஸ்க் மெதுவாவது அதற்குத் தெரியாது. வழுக்கலை ஈடுகட்ட மோட்டாரை வேகப்படுத்தினார். வழுக்காத புது பெல்ட் வந்ததும் அந்த ஈடு முழுவதும் உபரி வேகமானது.

பெல்ட்டும் சுத்தமாக நிரபராதி அல்ல. அவர் போட்டது பழையதைவிடச் சற்றுத் தடிமன். தட்டையான பெல்ட் கப்பியின் மேல் ஓடும்போது பெல்ட்டின் பாதித் தடிமன் கப்பியின் ஆரத்தோடு சேர்ந்துகொள்ளும். மோட்டார் பக்கக் கப்பி சிறியது, டிஸ்க் பக்கச் சக்கரம் பெரியது. ஒரே தடிமன் சிறியதைத்தான் விகிதத்தில் அதிகம் பெருக்கும். விளைவு, டிஸ்க் இன்னும் கொஞ்சம் வேகம்.

திருத்தம், அதில் ஒரு கருத்து வேறுபாடு

பிரிசெட்டைத் தொடாமல் முதலில் பெல்ட்டை மட்டும் மாற்றினோம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. மெல்லிய பெல்ட்டோடு 193 மில்லிவினாடி வந்தது, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 311 சுற்று. ஃபார்மேட் செய்தோம். ஒன்பது செக்டரும் எல்லா டிராக்கிலும் சரி!

நண்பர் அங்கேயே நிறுத்தலாம் என்றார். வேலை செய்கிறதைத் தொடாதே என்பது அவருடைய கட்சி. 40 வயதை நெருங்கும் பிரிசெட் திருகும்போது உள்ளே உடைந்துவிடலாம் என்ற பயமும் நியாயமானதே. நான் ஒப்புக்கொள்ளவில்லை. 311இல் ஒரு சுற்றின் கொள்ளளவு சுமார் 6029 பைட். சி5 முடிந்த பின் 61 பைட்தான் மிச்சம். இந்த டிரைவில் எழுதிய டிஸ்கை நாளை சரியான வேகத்தில் ஓடும் வேறு இயந்திரத்தில் போட்டால் என்ன ஆகும்? தவிர, பெல்ட் இன்னும் இறுகினாலோ மோட்டார் சூடேறினாலோ மறுபடி எல்லையைத் தாண்டலாம். நாங்கள் காப்பாற்ற நினைத்தது இன்னொருவருடைய அப்பாவின் எழுத்து. கடைசியில் சொந்தக்காரரிடம் ஆபத்தைச் சொல்லிக் கேட்டோம். 300க்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்.

பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால், டிஸ்க் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும்போதே திருத்தினோம். வெறும் டிரைவில் திருத்தினால், உறைக்குள் டிஸ்க் உரசும் சுமை சேர்ந்தபின் வேகம் மாறிவிடும். பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி பார்த்தோம். துடிப்புக்குத் துடிப்பு 199.8 முதல் 200.3.

பின்விளைவு

11 டிஸ்குகளின் 22 பக்கங்களையும் புதிதாக ஃபார்மேட் செய்து, டிஸ்க்கிட்3இன் சரிபார்ப்போடு எங்கள் செக்டர் நிரலையும் ஓட்டினோம். 18 பக்கங்கள் பிழையின்றி வந்தன. மீதி நாலு பக்கங்களில் எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் அதே டிராக்குகளில் அதே பிழை. அவை மட்டுமே உண்மையில் கெட்ட பக்கங்கள். "11 டிஸ்கும் செத்துவிட்டது" என்று எறிந்திருந்தால் 18 நல்ல பக்கங்கள் குப்பைக்குப் போயிருக்கும்.

முதலில் படிக்க மறுத்த மூன்று அசல் பக்கங்களில் இரண்டு, வேகம் சரியானதும் முதல் முயற்சியிலேயே படித்தன. மூன்றாவதின் மூடியை விலக்கிப் பார்த்தால் காந்தப் பூச்சில் வட்டமாக ஒரு கீறல் கண்ணுக்கே தெரிந்தது. அதிலிருந்த இரண்டு ஃபைல்கள் கிடைக்கவில்லை. ஒன்று கடிதம், இன்னொன்றின் பெயரைப் பார்த்தால் கணக்கு போல இருக்கிறது. வேகக் காலத்தில் சொந்தக்காரர் பழைய டிஸ்கில் சேமித்த அந்தச் சோதனை ஃபைல் இப்போதும் படிக்கிறது. அது விழுந்த இடத்தில் முன்பு அழித்த ஏதாவது ஃபைல் இருந்ததா என்பது இனி தெரிய வழியில்லை.

பி டிரைவில் எடுத்த 3.5 அங்குல நகல்களை யூஎஸ்பி பிளாப்பி டிரைவில் போட்டுப் பார்த்தார். படிக்கவில்லை. அந்த வகை டிரைவுகள் பிசியின் வழக்கமான வடிவங்களை மட்டும் அறிந்தவை. சி1, சி2 என்று எண்ணிட்ட செக்டர்களைத் தேடத் தெரியாது. டிஸ்கின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவுசெய்யும் சிறு பலகை ஒன்றை வைத்துப் படிமக் கோப்புகளாக எடுத்துக்கொடுத்தோம்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

சுழல் வேகத்தை முதல் பத்து நிமிடத்திலேயே அளப்பேன். பெல்ட்டால் ஓடும் டிரைவ், அண்மையில் பெல்ட் மாற்றியது என்று தெரிந்த பிறகும் நான் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தது தவறு.

பிழைப் பட்டியலை எண் வரிசையில் படிக்காமல், டிராக்கில் செக்டர்கள் அமர்ந்திருக்கும் வரிசையில் எழுதிப் படிப்பேன். சி5 என்ற எண்ணே எங்களை ஒரு மணி நேரம் மானிட்டர் நகர்த்த வைத்தது.

பொருளைக் கொண்டுவருபவரிடம் "என்ன கோளாறு" என்பதோடு "இதுவரை எதையெல்லாம் திருகினீர்கள், எந்த வரிசையில்" என்றும் கேட்பேன். பிரிசெட் கதை முதல் நாளே வெளியே வந்திருக்கும். அவருக்கு ஒவ்வாத சில பதில்கள் எங்களுக்கு உதவும் என்பதால், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும். அவர் சொல்லும் பொருந்தாத தகவலையும் எழுதிவைப்பேன்; இந்த முறை விடை அதற்குள்தான் இருந்தது.

அசல்களை முதலில் நகலெடுத்ததையும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதையும் மாற்ற மாட்டேன். 34ஆம் முனைக்கான கேபிளை மட்டும் முன்கூட்டியே செய்து வைத்திருப்பேன்.

டிரைவை மூடுவதற்கு முன் நண்பர் பிரிசெட்டின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தார். மூடியின் உட்புறம் ஒட்டிய சிறு தாளில் தேதி, பெல்ட்டின் தடிமன், "200 மில்லிவினாடி, டிஸ்க் உள்ளே இருக்கும்போது" என்று எழுதினார். கீழே சொந்தக்காரர் தன் கையால் இன்னொரு வரி சேர்த்தார்: "திருகினால் இங்கே எழுதவும்."